உனக்கெதுக்கு அந்த வண்டி?

2001 தை மாதம் பெருந்துறையில் ஒரு கல்யாண மண்டபத்தில் எனக்குத் திருமணம் நடந்தது. எனக்கு 60 பவுன் போட்டார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு வெள்ளை மாருதி எஸ்டீம். மண்டபத்து வாசலில் வாழை மரத்துக்குப் பக்கத்தில் ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் எல்லோரும் மணமேடையில் என்னைப் பார்த்ததைவிட அதை நன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பா சாவியைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். போட்டோ இருக்கிறது. அதில் என் கண் சாவியின் மேல் இருக்கிறது என்று என் மகள் சொல்கிறாள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

அந்த எஸ்டீம் எங்கள் வீட்டில் 11 ஆண்டுகள் இருந்தது. நான் அதில் இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். மாமியார் வந்தால் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தது ஒரே ஒருநாள். ஆயுத பூஜைக்கு உள்ளே துடைத்து, ஸ்டீயரிங்குக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதற்காக. 2012-இல் அது 80 ஆயிரத்துக்கு விலை போயிற்று. அந்தப் பணத்தில் அவர் ஒரு புல்லட் வாங்கினார். யாருக்கும் இதில் தவறாக எதுவும் படவில்லை. எனக்கும்தான்.

இடையில் இன்னொன்று நடந்தது. 2009-இல் அப்பா தவறிப்போனார். கருமாதி முடிந்து ஐந்தாவது மாதம் அண்ணன் என்னை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரச்சொன்னார். விடுதலைப் பத்திரம். கீழ்பவானி வாய்க்காலை ஒட்டி எங்கள் அப்பாரு காலத்திலிருந்து இருந்த 6 ஏக்கர் தோட்டத்தில் எனக்குப் பாத்தியம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுக்கிற பத்திரம். "பாப்பாவுக்குத்தான் கல்யாணத்துலயே காரும் நகையும் குடுத்தாச்சுங்களே" என்று பத்திரம் எழுதுகிறவரிடம் அண்ணன் சொன்னார். அவரும் தலையாட்டினார். அவர் தினமும் பார்க்கிற காட்சி. நான் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் அண்ணன் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே, அதற்குப் பிறகு திருமணமாகும் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமை உண்டு. நாடு முழுவதற்குமான திருத்தம் வந்ததே 2005-இல்தான். நம் மாநிலம் 16 ஆண்டுகள் முந்திக்கொண்டது. அது எனக்குத் தெரிந்தபோது நான் கையெழுத்துப் போட்டு எட்டு வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து காலண்டர் தாளின் பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பா, அண்ணன், நான் என்று மூன்று பங்கு. அப்பாவின் பங்கு அம்மாவையும் சேர்த்து மறுபடி மூன்றாக. என் கணக்கில் இரண்டரை ஏக்கருக்கு மேல் வந்தது. வாய்க்கால் பாசனம், சிப்காட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதற்கு ஈடாக எனக்குக் கிடைத்தது, நான் ஓட்டாத ஒரு கார்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் 44 வயதில் ஒரு கார் வாங்கினேன். அதுவும் நான்கு சக்கரத்துக்கும் இஞ்சின் சக்தி போகிற, இழுவை உள்ள, கியர் போட்டு ஓட்டுகிற வண்டி. தினமும் வேலைக்குப் போய்வர. அதைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்த்த மைலேஜும் விலையும் மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் வரும்.

கார் ஓட்டக் கற்றுக்கொண்டது 2013-இல். அதுவரை ஸ்கூட்டி. சிப்காட்டில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். செக்கிங் மேசையில் தொடங்கி இப்போது பிரிவுக்குப் பொறுப்பு. ஷிப்மெண்ட் சமயத்தில் கண்டெய்னர் கிளம்ப ராத்திரி பதினொன்று, பன்னிரண்டு ஆகும். அந்நேரத்தில் ஸ்கூட்டியில் வந்தால் பின்னாலேயே பைக் வரும். காரில் வந்தால் வராது என்று நினைத்தேன். 2016-இல் சொந்தச் சம்பளத்தில் ஒரு பழைய ஆல்டோ வாங்கினேன். காரிலும் வருகிறார்கள். சேலம் – கொச்சி நெடுஞ்சாலையில் ராத்திரியில் ஒரு பெண் தனியாக ஓட்டுகிறாள் என்று தெரிந்தால் போதும், பின்னால் ஒட்டிக்கொண்டு ஹைபீம் அடிப்பார்கள். முந்தி வந்து முன்னால் பிரேக் போடுவார்கள். மறுபடி பின்னால் போவார்கள். விஜயமங்கலம் சுங்கச்சாவடிக்கும் பெருந்துறைக்கும் நடுவே ஒருமுறை அப்படி நடந்தது. பெடலை முழுக்க அழுத்தினேன். 800 சிசி இஞ்சின் கத்தியதே தவிர வண்டி நகர்ந்தமாதிரியே இல்லை.

அன்றைக்குத்தான் வேகம் என்பதைப் பற்றி முதல்முறையாக யோசித்தேன். ஆண்களுக்கு வேகம் விளையாட்டு. வீடியோ போடுகிறார்கள். நமக்கு அது முதலில் ஓர் இடத்தைவிட்டுச் சீக்கிரம் விலகிப்போவது. விலகிப்போகிற வேலை முடிந்த பிறகு, அது விளையாட்டாகவும் இருக்கலாம் இல்லையா?

2022 ஐப்பசி. ஒரு வாரமாக அடைமழை. அம்மா அந்தப் பழைய தோட்டத்து வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். அண்ணன் திருப்பூர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆயிற்று. நான் தினமும் வேலை விட்டு வரும்போது அம்மாவைப் பார்த்து, சாப்பிட வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். தார் ரோட்டிலிருந்து வீட்டுக்கு அரைக் கிலோமீட்டர் இட்டேறி. வெளியூர்த் தோழிகளுக்காக: இருபக்கமும் கிளுவை வேலி, நடுவே வண்டித்தடம், அதுதான் இட்டேறி. வெயில் காலத்தில் புழுதி. மழை பெய்தால் களி. வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிற மாதங்களில் கசிவும் சேர்ந்துகொள்ளும்.

அன்றைக்கு ராத்திரி ஒன்பதரைக்கு அம்மாவின் போன் எடுக்கப்படவில்லை. நான் கிளம்பி வந்தேன். இட்டேறிக்குள் நுழைந்த நூறாவது அடியில் ஆல்டோவின் முன்சக்கரங்கள் களியில் சுற்ற ஆரம்பித்தன. இன்னும் அழுத்த அழுத்த இன்னும் தோண்டிக்கொண்டு இறங்கியது. இறங்கி, செல்போன் வெளிச்சத்தில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். அம்மா பொடக்காலியில் வழுக்கி விழுந்து கிடந்தாள். இடுப்பு. எவ்வளவு நேரமாக என்று அவளுக்கே தெரியவில்லை. 108 வந்தது, தார் ரோட்டோடு நின்றுவிட்டது. என் கார் வழியை அடைத்துக்கொண்டு நின்றதும் ஒரு காரணம். பக்கத்துத் தோட்டத்தில் தங்கியிருந்த நாலு பேர், ஒடிசாவிலிருந்து வந்து சிப்காட்டில் வேலை செய்கிற பையன்கள், அம்மாவைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு அந்தக் களியில் நடந்தார்கள். அம்மா வலியிலும், "சாமி, பாத்து நடங்க" என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அறுவை சிகிச்சை முடிந்து அம்மா எழுந்து நடக்க நாலு மாதம். அந்த நாலு மாதமும் ராத்திரிகளில் நான் கார் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொன்னதும் முதலில் வந்த கேள்விதான் தலைப்பு. கேட்டது என் வீட்டுக்காரர். கெட்ட மனிதர் இல்லை. "உனக்கெதுக்கு அந்த வண்டி? சின்னதா ஒரு ஆட்டோமேட்டிக் எடுத்துக்க. கிளட்ச் மிதிக்க வேண்டியதில்ல. பார்க்கிங்கும் ஈசி." நாத்தனார், "நங்கையாளுக்கு லேடீஸ் வண்டி எத்தனையோ இருக்குதே" என்றார். லேடீஸ் வண்டி என்றால் என்ன என்று நான் பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். சின்னதாக இருக்க வேண்டும், கியர் இருக்கக் கூடாது, பளிச்சென்று ஒரு நிறம், கண்ணாடி பெரிதாக. ஓட்டுகிறவளுக்குத் திறமை குறைவு என்று வைத்துக்கொண்டு செய்த பட்டியல் அது. ஆட்டோமேட்டிக் நல்ல வண்டிதான். முட்டி வலிக்கிற என் சிநேகிதிக்கு நானே அதைத்தான் சொன்னேன். எனக்குக் கியர் போடப் பிடிக்கும்.

"பிடிக்கும்" என்று சொன்னால் நம் வீடுகளில் வேலைக்காகாது. காரணம் வேண்டும். ஆண் ஒருவன் புல்லட் வாங்கினால் யாரும் எதற்கென்று கேட்பதில்லை. 'ஆசைப்பட்டான், வாங்கினான்' என்பதோடு முடிந்துவிடும். நாம் வாங்குகிற பொருளுக்கு ஒரு பயனாளி வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக. எனக்கு அம்மாவின் இடுப்பு கிடைத்தது. இட்டேறியும் மழையும் கட்டிலில் தூக்கிவந்த கதையும் சொன்ன பிறகு வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் ஒன்றை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். அம்மா விழுவதற்கு ஒரு வருடம் முன்பே நான் அந்த வண்டியின் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். அம்மா விழுந்த ராத்திரி என் ஆசைக்கு ஓர் அனுமதிச் சீட்டாகிவிட்டது என்பது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

தேடத் தொடங்கியதும் தெரிந்தது, இந்தியாவில் நமக்கு எட்டுகிற விலையில் நான்கு சக்கர இயக்கமும், ஓட்டுவதற்குத் துடிப்பும், தினசரி ஓட்டத்துக்கு ஏற்ற உடம்பும் சேர்ந்து வருகிற வண்டிகள் மிகக் குறைவு என்பது. தார் மாதிரியானவை காட்டுக்கும் மேட்டுக்கும் பிறந்தவை. அவற்றில் தினமும் நெடுஞ்சாலை ஓட்டுவது என் முதுகுக்கு ஒத்துவரவில்லை. மாருதி கிராண்ட் விட்டாராவிலும் டொயோட்டா ஹைரைடரிலும் 2022-இல் நான்கு சக்கர இயக்கம் வந்தது. ஆட்டோ, ஸ்போர்ட், ஸ்னோ, லாக் என்று திருகிக்கொள்ளலாம். பெருந்துறையில் ஸ்னோ எதற்கென்று நானும் மகளும் சிரித்தோம். புதிது வாங்கும் அளவுக்கு என்னிடம் பணம் இல்லை. எக்ஸ்யூவி 700 பெரிது, விலையும் பெரிது. கடைசியில் என் கண் போய் நின்றது பழைய ரெனோ டஸ்டரில். 2014-இல் அதன் நான்கு சக்கர இயக்க வகை இங்கே வந்தது. ஒரகடத்தில் செய்த வண்டி. 1.5 லிட்டர் டீசல், 110 குதிரைத்திறன், 6 கியர், பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபோது டீசல் நின்றுபோயிற்று. அதனால் பழையதுதான் கிடைக்கும்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. சொல்லிவிடுகிறேன், ஷோரூமில் யாரும் நமக்கு இதைச் சொல்ல மாட்டார்கள். சாதாரணமாக முன்சக்கரங்கள்தான் இழுக்கும். முன்சக்கரம் வழுக்குவதை வண்டி உணர்ந்ததும், நடுவில் இருக்கிற மின்காந்தக் கிளட்ச் ஒன்று பிடித்துக்கொண்டு பின்சக்கரங்களுக்கும் சக்தியை அனுப்பும். இது 'ஆட்டோ'. 'லாக்' என்று திருகினால் முன்னும் பின்னும் சேர்ந்தே இழுக்கும். களி, மணல், ஏற்றத்துக்கு. வேகம் கூடினால் தானாகவே ஆட்டோவுக்குத் திரும்பிவிடும். '2டபிள்யூடி'யில் வைத்தால் டீசல் கொஞ்சம் மிச்சம்.

இன்னொன்றும் முக்கியம். நான்கு சக்கர இயக்கம் வண்டி கிளம்பவும், வளைவில் பிடித்துக்கொண்டு வெளியே வரவும்தான் உதவும். பிரேக் போட்டால் நிற்பதற்கு உதவாது. நிற்பது டயரின் வேலை. மழையில் நெடுஞ்சாலையில் 100-இல் போய்விட்டு 'எனக்கு நாலு வீலும் இழுக்குது' என்று நினைத்தால் லாரிக்கு அடியில்தான் போய் நிற்போம். தேய்ந்த டயரோடு இருக்கிற நான்கு சக்கர வண்டியைவிட நல்ல டயரோடு இருக்கிற சாதாரண வண்டி மேல். நெடுஞ்சாலையில் தினமும் ஓட்டுவதற்கு மட்டும் என்றால் நான்கு சக்கர இயக்கம் தேவையே இல்லை. இதை என் வீட்டுக்காரரிடம் அப்போது சொல்லவில்லை.

அந்த நாட்களில்தான் கோவையில் படித்துக்கொண்டிருந்த மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். கோவைக்குக் கார் பந்தயம் புதிதல்ல. கரிவரதன் பெயரில் செட்டிபாளையத்தில் பந்தயத்தடம் இருக்கிறது, 2005-இல் ஃபார்முலா 1-க்குப் போன நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். அந்த ஊரில் இருந்துகொண்டு மகள் அனுப்பியது பிரான்ஸ் நாட்டுப் பெண் ஒருவரின் வீடியோ. மிஷெல் மூட்டோன். 1980-இல் ஆடி குவாட்ரோ என்ற கார் வந்தது. (ஆடி மாதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ராலி பந்தயத்தில் நான்கு சக்கர இயக்கத்தைக் கொண்டுவந்து மற்ற கம்பெனிகளையெல்லாம் பின்தொடர வைத்த கார் அது. 1981-இல் இத்தாலியின் சான்ரெமோ ராலியில் அதை ஓட்டி வென்றார் மூட்டோன். உலகச் சாம்பியன்ஷிப் ராலி ஒன்றை ஒரு பெண் வென்றது அதுவே முதல்முறை. பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவரும் பெண்தான், ஃபாப்ரிஸியா பொன்ஸ். அடுத்த ஆண்டு போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் என்று மூன்று வெற்றி; சாம்பியன்ஷிப்பில் இரண்டாம் இடம்.

என்னை உலுக்கியது வெற்றிகள் அல்ல. அவர் தொடக்கத்தில் பக்கத்து இருக்கையில் இருந்து வழி சொல்கிறவராகத்தான் இருந்தார். 'ஓட்டுவதென்றால் நீயே ஓட்டு. வண்டி நான் வாங்கித் தருகிறேன், ஒரு வருடம் கெடு' என்று அவருடைய அப்பா சொன்னாராம். அதைக் கேட்டு நான் போனை ஓரமாக வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். என் அப்பாவும் கார் வாங்கினார். மருமகனுக்கு வாங்கினார். அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்த எனக்கு, அன்றைக்குத்தான் அது பொய் என்று தெரிந்தது.

கிரய வேலை இனிதான். முதலில் ஒரு கடன் கொடுக்கும் இடத்துக்குப் போனேன். என் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, "சார் கோ-அப்ளிகன்டா கையெழுத்துப் போட்டாச் சீக்கிரம் ஆயிரும்ங்க மேடம்" என்றார்கள். விதியா என்று கேட்டேன். விதி இல்லையாம், வழக்கமாம். எழுந்து வந்துவிட்டேன். 60 பவுனில் 22 பவுன் மிச்சமிருந்தது. மற்றது வீடு கட்டவும் படிப்புக்கும் போயிருந்தது. அதில் 10 பவுனை எடுத்துப்போய் விற்றேன். பவுன் 45 ஆயிரத்தைத் தொட்டுக்கொண்டிருந்த நேரம். சேதாரம் அது இது என்று கழித்து நாலு லட்சத்துச் சில்லறை வந்தது. மீதிக்குச் சீட்டு எடுத்தேன்.

நகையை விற்றுக் காரா என்று மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. அப்போது நான் அவரிடம் சொல்லாமல் விட்ட ஒரு கதை உண்டு. உலகின் முதல் மோட்டார் காருக்கு 1886-இல் காப்புரிமை பெற்றவர் கார்ல் பென்ஸ். அவர் தொழில் தொடக்கத்திலேயே மூழ்கப்போனபோது, தன் சீதனப் பணத்தைக் கல்யாணத்துக்கு முன்பே கேட்டு வாங்கிக் கொடுத்துத் தூக்கி நிறுத்தியவர் பெர்தா. மனைவியான பிறகு அந்நாட்டுச் சட்டப்படி அவர் பெயருக்கு அதில் எதுவும் இல்லை. 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமில் இருக்கிற தன் அம்மா வீட்டுக்கு அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். 100 கிலோமீட்டருக்கு மேல். எண்ணெய்க் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திவிட்டாராம். எரிபொருளை வழியில் ஒரு மருந்துக்கடையில் வாங்கினாராம். நெடுந்தூரம் கார் ஓட்டிய முதல் மனிதர் அவர்தான். போனது அம்மா வீட்டுக்கு.

வண்டி திருப்பூரில் கிடைத்தது. 2017 மாடல், சாம்பல் நிறம், 71 ஆயிரம் கிலோமீட்டர். துணைக்கு வீட்டுக்காரர் வந்தார், எனக்குத் தெரிந்த பெருந்துறை மெக்கானிக்கும் வந்தார். விற்கிறவர் ஒரு மணி நேரமும் அவர்கள் இரண்டு பேரிடம் மட்டுமே பேசினார். நான் கேள்வி கேட்டால் பதில் அவர்களுக்குப் போகும். கடைசியில் "ஏனுங்க, வண்டி யாருக்குங்க?" என்றார். "அம்மிணிக்குத்தானுங்க" என்றார் என் வீட்டுக்காரர். "அய்யோ, கிளட்ச் கொஞ்சம் கனமா இருக்குமுங்க. லேடீஸ் ஓட்டறது செரமமுங்க" என்றார் அவர். நான் சாவிக்குக் கையை நீட்டினேன். வீட்டுக்காரர் அந்த நேரம் ஒரு நல்ல காரியம் செய்தார். பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

ஓட்டினேன். இருக்கையைத் தூக்கி முன்னால் இழுத்துக்கொண்டேன். என் உயரம் 152 செ.மீ. இதையும் சொல்ல வேண்டும்: பல வண்டிகளில் ஸ்டீயரிங் மேலும் கீழும் நகரும், முன்னும் பின்னும் நகராது. கிளட்ச்சை எட்டுவதற்காக நாம் முன்னால் நகர்ந்தால் நெஞ்சு ஸ்டீயரிங்குக்கு நெருக்கமாகிவிடும். மோதல் சோதனைகளில் பல ஆண்டுகளாக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தது 175 செ.மீ உயரமும் 77 கிலோ எடையும் உள்ள ஆண் பொம்மைதான். பெண் பொம்மை என்று வைத்தது அதைச் சிறிதாக்கிச் செய்தது. நடுத்தரப் பெண் உடலின் அளவில், பெண்ணின் உடல்வாகோடு ஒரு பொம்மையை சுவீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் குழுவினர் 2022-இல்தான் உலகுக்குக் காட்டினார்கள். சீட் பெல்ட் போட்டிருந்தாலும், நேருக்கு நேர் மோதலில் பெண்கள் பலத்த காயமடையும் வாய்ப்பு ஆண்களைவிட 73 விழுக்காடு அதிகம் என்று அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு 2019-இல் சொன்னது. எனவே தோழிகளே, நிறம் பார்ப்பதற்கு முன் உட்கார்ந்து பாருங்கள். நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே 25 செ.மீ. இடைவெளியாவது இல்லை என்றால் வேறு வண்டி பாருங்கள். எனக்கு இருந்தது, அளந்து பார்த்தேன்.

கிளட்ச் கனம்தான். நான் எட்டு வருடம் செக்கிங் மேசையில் நின்ற கால்காரி. சர்வீஸ் ரோட்டிலிருந்து நெடுஞ்சாலையில் ஏற்றி, மூன்றாவது கியரில் அழுத்தினேன். ஒரு கணம் யோசித்துவிட்டு, டர்போ பிடித்துக்கொண்டதும் முதுகை இருக்கையோடு அழுத்தியது. முன்னால் போன பேருந்தைத் தாண்டி வந்துவிட்டோம். கண்ணாடியில் பின்னால் இருந்த மூன்று ஆண்களின் முகத்தையும் பார்த்தேன். மெக்கானிக் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். "அம்மாவுக்கு இது செட் ஆயிருச்சுங்க" என்றார்.

அவர்தான் அடியில் படுத்து, பின்பக்க டிஃபரன்ஷியலில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, பின்னால் போகிற ஷாஃப்ட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார். நான்கு டயரும் ஒரே கம்பெனி, ஒரே அளவு தேய்மானமா என்றும் பார்த்தார். இந்த வகை வண்டியில் அது முக்கியம். இரண்டு டயர் புதிது, இரண்டு பழையது என்றிருந்தால் சுற்று வித்தியாசப்பட்டு, நடுவில் இருக்கிற கிளட்ச் வீணாகச் சூடாகிக் கெடும். ஆறு லட்சத்து இருபதாயிரத்துக்கு முடித்தோம். பெருந்துறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், டி.என். 56 எல்லைக்குள், என் பெயருக்கு மாற்றினேன். ஆர்.சி.யில் உரிமையாளர் இடத்தில் என் பெயர். அடுத்த வரியில் 'கணவர் பெயர்' என்று ஒரு கட்டம்.

2023 சித்திரை. அம்மாவை முன்னிருக்கையில் உட்கார வைத்தேன். 77 வயதில் காரின் முன்னிருக்கையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. அதுவரை முன்னால் எப்போதும் யாராவது ஓர் ஆண் இருந்திருக்கிறார். கோடை மழை பெய்து இட்டேறி நனைந்திருந்தது. லாக்கில் திருகி, முதல் கியரில் மெதுவாக விட்டேன். ஆல்டோ புதைந்த அதே இடத்தில் ஒருதரம் வழுக்கியது, பிறகு பின்பக்கத்திலிருந்து யாரோ கைவைத்துத் தள்ளியதுபோல் ஏறிவந்துவிட்டது. அம்மா வெளியே கிளுவை வேலியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "நானும் ஓட்டியிருக்கறேன் கண்ணு. ஒத்தை மாட்டு வண்டி. உங்க அப்புச்சி சந்தைக்குப் போயிட்டாருன்னா எடுத்துட்டு வாய்க்கா மேட்டுல போவேன். வாலைத் தொட்டா அது பறக்கும்." எனக்கு 44 வயதாகியும் இதை நான் கேட்டதில்லை. "அப்பறம்?" என்றேன். "அப்பறம் என்ன, வயசுக்கு வந்துட்டனல்லொ" என்றாள்.

தார் ரோட்டுக்குத் திரும்பியதும், "இதைக் கொஞ்சம் முடுக்கு பாக்கலாம்" என்றாள்.

இரண்டு மழைக்காலம் அந்த இட்டேறியில் தினமும் போய்வந்தேன். 2025 தொடக்கத்தில் அண்ணன் தோட்டத்தைச் சைட் போட ஆரம்பித்தார். கிளுவை வேலியை ஜேசிபி ஒரே நாளில் பிடுங்கிப்போட்டது. 30 அடி அகலத்தில் தார் ரோடு வந்தது. நான் விடுதலை எழுதிக்கொடுத்த நிலத்தில் மஞ்சள் கல் நட்டு எண் எழுதினார்கள். அம்மா என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் இன்னும் வழக்குப் போடவில்லை. போடலாமா என்று ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தேன். விடுதலைப் பத்திரம் பதிவானது, கடினம் என்றார். வேறொருவரைப் பார்க்கப் போகிறேன். அவர் அலுவலகம் ஈரோட்டில்.

போன மாதம் சாப்பிடும்போது வீட்டுக்காரர் சொன்னார். "இட்டேறிதான் இப்ப இல்லையே. அந்த வண்டிய வித்துட்டு மைலேஜ் குடுக்கற மாதிரி ஒண்ணு எடுத்துக்கலாமா?"

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தாள்.

"இல்லீங்க" என்றேன். "எனக்கு அது பிடிச்சிருக்குது."

அவர் வேறு காரணம் வருமென்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். நான் ரசம் ஊற்றிக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் திம்பம் போவதாக இருக்கிறோம். 27 கொண்டை ஊசி வளைவு. டயர் நான்கும் புதிதாக மாற்றியாயிற்று.